வண்டி மாறும் இடம்

அன்று காலை கோவர்த்தனன் வீட்டில் இரண்டு பேர் பை கட்டினார்கள். ஒரு பை திருத்தணிக்கு. இன்னொரு பை எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

திருத்தணிப் பை தாட்சாயணியுடையது. போன வாரமே புருஷனிடம் சொல்லிவிட்டாள். "வெள்ளிக்கிழமை திருத்தணி மெட்ராசோட சேருது. நான் போய்ப் பாக்கணும். அப்படியே அங்க ஒரு வாடகை வீடும் பாத்துட்டு வரேன். இந்தச் சைக்கிள் கடைய இன்னா பண்றதுன்னு நீங்க யோசிங்க."

கோவர்த்தனன் யோசிக்கவில்லை. யோசித்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மகள் வரலட்சுமி மட்டும், "நான் எங்கியும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து தாயும் மகளும் அவர் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"அந்தச் சொம்பை எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

"நைனா, கொஞ்சம் நகரச் சொல்லு."

நடுவில் உட்கார்ந்து சாப்பிட்ட அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

செய்யாற்றுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அது. கோவர்த்தனனுக்குத் திருப்பதி என்றால் முதலில் பஞ்சர் ஒட்டும் கடை, பிறகு ஸ்டேஷன் பக்கம் வாடகைச் சைக்கிள் கடை. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்டதில்லை. தாட்சாயணிக்கு அப்படியில்லை. சொந்த ஊரில் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காதவள், இங்கே ஒரு பாத்திரக் கடை மாடியில் நடந்த தமிழ்ப் படிப்பகத்தில், கல்யாணமான பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தாள். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று முதன்முதலாகப் பேசியதும் அங்கேதான். அதனால் ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது, இந்த ஊர் தமிழோடுதான் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். நினைத்ததோடு நிற்கவில்லை. கொடி பிடித்தவர்களோடு சித்தூருக்குப் போய், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள். வேலூர் ஜெயிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அப்போது வரலட்சுமிக்குப் பத்து வயசு.

ஏழு வருஷம் ஓடிப்போயிற்று. எல்லையை ஒருவழியாகத் தீர்த்துவிட்டார்கள். திருத்தணி மெட்ராசுக்கு. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவோடு. கேட்டதில் கொஞ்சம் கிடைத்தவர்கள் இன்றைக்குத் திருத்தணியில் கொண்டாடப் போகிறார்கள்.

அது சரி. இந்த இரண்டாவது பை?

கோவர்த்தனன் தலை துவட்டுகிற சாக்கில் எட்டிப் பார்த்தார். வரலட்சுமி உள்ளறையில் குந்தியிருந்தாள். காலேஜ் புத்தகம் ஒன்றுகூட இல்லை. மாற்றுப் பாவாடை, தாவணி, சீப்பு, பல்பொடிப் பொட்டலம், ஒரு பழைய போர்வை. ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள்.

சித்தூருக்குப் புறப்பட்ட அன்று தாட்சாயணியும் இப்படித்தான் கட்டினாள். திரும்பி வர எத்தனை நாளாகும் என்று தெரியாதவர்கள் கட்டுகிற பை அது.

"காலேஜுக்கு எதுக்கும்மா பல்பொடி?" என்றார் மெதுவாக.

வரலட்சுமி நிமிர்ந்தாள். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"கடைக்கு வா நைனா, சொல்றேன்."

* * *

கடைப் பலகைகளை எடுத்து அடுக்கியதும் அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் கீற சத்திரத்துல பெருக்குற பொம்பளைங்கள நிறுத்திட்டாங்க நைனா. எல்லாரையும் இல்ல. தமிழ் பேசறவங்கள மட்டும். புது குத்தகைக்காரன் சொல்றான், 'அதான் எல்லை பிரிச்சாச்சே, உங்க மெட்ராசுக்குப் போய்ப் பெருக்குங்க'ன்னு. இன்னைக்கு வாசல்ல உக்காரப் போறோம்."

"போறோம்னா?"

"நானுந்தான்."

"நீ எதுக்கு? உனக்கு இன்னா அங்க?"

"தெலுங்குல எடுத்துப் பேச ஆள் வேணும்னாங்க. தமிழ்ல பேசினா கேக்கறவன் காதுல போவாது. எனக்கு ரெண்டும் வருமில்ல?" கொஞ்சம் நிறுத்தி, "செங்கம்மாவும் அதுல கீறாங்க" என்றாள்.

காற்றடித்துக்கொண்டிருந்த கோவர்த்தனனின் கை பம்பின் மேல் அப்படியே நின்றது.

செங்கம்மா சத்தியவேட்டுக்காரி. தாட்சாயணியோடு சித்தூரில் உட்கார்ந்தவள். வேலூரில் இருவரும் ஒரே கொட்டடியில் ஒரே பாயில் படுத்துக் கிடந்தவர்கள். தாட்சாயணிக்கு அங்கே ஜுரம் கண்டபோது, தன் கஞ்சியையும் சேர்த்துக் கொடுத்து அவளைப் பார்த்துக்கொண்டவள்.

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"சொல்லக் கூடாதுன்னு செங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. 'அக்கா ஏங்கிக் கெடந்த நாளு இது. நிம்மதியா போய்ப் பாத்துட்டு வரட்டும்'னு." வரலட்சுமி ஒரு சைக்கிள் மணியை விரலால் தட்டிக்கொண்டே பேசினாள். "நானும் சொல்லல. சொன்னா அம்மா நின்னுடுவாங்க. நின்னுட்டு, சாவற வரைக்கும் திருத்தணி, திருத்தணின்னு நெனச்சிக்கினே கெடப்பாங்க. அந்தப் பழி எனக்கு வேணாம். நீயும் சொல்லாத நைனா."

அவள் போய்விட்டாள். பை தோளில் ஆடிக்கொண்டே போயிற்று. மொட்டைத் தலைகளும் மஞ்சள் துணிகளுமாக மலையிலிருந்து இறங்கி வந்த கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தாள்.

கோவர்த்தனன் பம்பைக் கீழே வைத்தார். மனசுக்குள் ஒரு ஆசை மெல்லத் தலை நீட்டியது. அது நல்ல ஆசை இல்லை என்று அவருக்கே தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாட்சாயணி இன்று வண்டி ஏறமாட்டாள். வீடு பார்க்கப் போகமாட்டாள். ராத்திரி மூன்று தட்டும் ஒன்றாக விழும்.

சொல்லலாமா?

* * *

பையை வாங்கிக்கொண்டு தாட்சாயணியின் பின்னால் ஸ்டேஷனுக்கு நடந்தார். அவள் வெள்ளைச் சுங்குடிப் புடவை உடுத்தியிருந்தாள். தலை நிறைய கனகாம்பரம். இத்தனை பூவோடு அவளைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கு நினைவில்லை.

ஸ்டேஷனில் பாலசுந்தரம் காத்திருந்தார். படிப்பகத்தை நடத்தியவர். தாட்சாயணிக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர். இப்போது முழங்கால் வலியில் கோல் ஊன்றுகிறார். அவரோடு பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர், கையில் மாலையும் தட்டி போர்டுமாக.

"வாங்கம்மா, வாங்க! ரேணிகுண்டாவுல வண்டி மாறணும். பெரிய வண்டி அங்க வந்து நிக்கும். கூட்டம் நெரியும், என் பின்னாலயே வந்துடுங்க" என்றார் பாலசுந்தரம். முகமெல்லாம் சிரிப்பு.

தாட்சாயணி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். கோவர்த்தனன் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொண்ணு காலைலயே போய்டுச்சா? ஒரு வார்த்தை சொல்லிக்கினு போவலாம்னு பாத்தேன்."

"உன்கூடத்தான் பேசறதில்லியே."

"பேசலன்னா? மூஞ்சியப் பாக்கலாமில்ல?" என்று சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பினாள். "நான் இன்னாத்துக்கு அங்க வீடு பாக்கறேன்னு அவளுக்குப் புரியல. புரியாமயே போவட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க. ஒரு தெருவுல நடந்து போவச்சே, யாரும் என்னை நீ எந்த ஊருன்னு கேக்கக் கூடாது. அவ்ளோதான்."

கார்டு விசிலை வாயில் வைத்தார். அந்தக் கேள்வியைத்தான் இந்த நேரத்தில் செங்கம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது கோவர்த்தனனின் தொண்டை வரை வந்தது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"தாட்சா. செங்கம்மாவ சத்திரத்துல வேலைய உட்டு நிறுத்திட்டாங்க. தமிழ்ப் பொம்பளைங்க எல்லாரையும். இப்ப வாசல்ல உக்காந்துக்கினு கீறாங்க. நம்ம பொண்ணும் கூட உக்காந்துகீது."

தாட்சாயணி அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தார். வரவில்லை. கையிலிருந்ததைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி விழித்தாள்.

"இத இப்பத்தான் சொல்லணுமா?"

"சொல்ல வேணாம்னுதான் சொன்னா. நான்தான்..."

விசில் ஊதியது. வண்டி ஒரு குலுக்கல் குலுங்கியது. அவள் எழுந்திருப்பாள் என்று அவர் கதவுப் பக்கம் நகர்ந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த அவள் கை அவரைத் தாண்டிப் போயிற்று.

"பொண்ணு கீறா இல்ல? அவ இருந்தாப் போதும்" என்றாள். அது அவருக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை.

கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தது. அத்தனை வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாகக் கோவர்த்தனனுக்குப் பெண்டாட்டி மேல் கோபம் வந்தது. சொல்லிவிட்ட தன் மேலும் வந்தது.

* * *

சத்திரத்து வாசலில் பெண்கள் குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள். யாத்திரை வந்தவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போனார்கள். நடுவில் செங்கம்மா. பக்கத்தில் வரலட்சுமி.

கோவர்த்தனன் எதிர்ச் சாரியில், சிட்டிபாபுவின் சாப்பாட்டுக் கடை ஓரமாக நின்றார். சிட்டிபாபு நெல்லூர்த் தெலுங்குக்காரர். கோவர்த்தனனோடு நல்ல பழக்கம். தமிழைத் தன் இஷ்டத்துக்குப் பேசுவார்.

"உம்ம பிட்ட, அதான் உம்ம பொண்ணு, பேசப் போவுது. பாத்துக்கோ" என்றார் சிட்டிபாபு.

வரலட்சுமி எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை. தெலுங்கில் பேசினாள். கடைத்தெருவில் நாலு பேர் பேசுகிற தெலுங்கு, அலங்காரம் இல்லாதது.

"இவங்க யாருன்னு கேக்கறாங்க. காலைல நீங்க கண்ணு முழிக்கறதுக்கு முந்தி இந்த வாசலைப் பெருக்கினது யாரு? உங்க புள்ளைங்க வாந்தி எடுத்தா கழுவி உட்டது யாரு? அப்பல்லாம் யாரும் எந்த ஊருன்னு கேக்கல. ஈ ஊரு மாதி. இது எங்க ஊர். எங்கள எங்க போவச் சொல்றீங்க?"

கோவர்த்தனனுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அவர் காதில் விழுந்தது வேறு. வார்த்தைக்கு முன்னால் எடுக்கிற அந்த மூச்சு. கடைசிச் சொல்லை உயர்த்தாமல் கீழே இறக்கி வைக்கிற அந்த விதம். பாத்திரக் கடை மாடியில் தாட்சாயணி பேசியது போலவே இருந்தது. இது எப்படி என்று திகைத்துப்போய் நின்றார்.

உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த ஒருத்தி வாசலுக்கு வந்தாள். கங்கம்மா. தெலுங்குக்காரி. அவளை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கேட்டாள். துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினாள். வந்து செங்கம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். குத்தகைக்காரனின் ஆள் கத்திப் பார்த்தான். யாரும் எழுந்திருக்கவில்லை.

பிறகுதான் போலீஸ் வந்தது.

அடி இல்லை, இழுபறி இல்லை. "நடங்க" என்றார்கள், நடந்தார்கள். வரலட்சுமி போகும்போது அப்பாவைப் பார்த்துவிட்டாள். "அம்மா ஏறிட்டாங்களா?" என்று கூட்டத்துக்கு மேலாகக் கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

"சொல்லலியே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் முகம் மாறிப்போயிற்று. அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஏறிப் போய்விட்டாள். அந்தக் கணம் அவளுக்குப் பதினேழு வயசு இல்லை, பத்து வயசு.

* * *

சிட்டிபாபு பெரிய தூக்கு நிறைய சாம்பார் சாதம் போட்டுக் கொடுத்தார். கோவர்த்தனன் அதைச் சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

பெண்களை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். வாலிப சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் பெயர், ஊர் எழுதிக்கொண்டிருந்தார். செங்கம்மாவின் முறை.

"எந்த ஊரு?"

"சத்தியவேடு."

"அது மெட்ராஸ் கதா, மெட்ராஸ்தானே? அப்புறம் இங்க ஏன் இருக்கே?"

செங்கம்மா நிதானமாகச் சொன்னாள். "நேத்து வரைக்கும் மெட்ராசுதான் சாமி. இன்னைக்குக் காலைலேர்ந்து எங்க ஊரைத் தூக்கி உங்ககிட்ட குடுத்துட்டாங்க. ஊரு இங்க வருது. என்னை மட்டும் அங்க போன்னா, நான் போய் எந்த வூட்ல குந்தறது?"

கான்ஸ்டபிள் ஒருவர் திரும்பிச் சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து தாசில்தாரைப் பார்க்கப் போனார்.

கோவர்த்தனன் இலைகளைப் பரப்பி எல்லாருக்கும் சாதம் வைத்தார். வரலட்சுமி மட்டும் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"துன்னும்மா."

"அம்மா இன்னா சொன்னாங்க?"

"பொண்ணு கீறா இல்ல, அவ இருந்தாப் போதும்னா."

வரலட்சுமி கையை இலையில் உதறினாள். பிறகு சொன்னாள். "எல்லாரும் சொல்றாங்க நைனா, இப்படி எழுந்து பேசறது அம்மாகிட்டேர்ந்து வந்துதுன்னு. செங்கம்மா சொல்றாங்க, பாலசுந்தரம் மாமா சொல்றாரு. எனக்குச் சிரிப்பா வருது. அம்மா எங்க இருந்தாங்க என்கிட்ட? மீட்டிங்கு. இல்லன்னா ஜெயிலு. நான் அவங்களப் பாத்ததே போவச்சே முதுகுப் பக்கந்தான்."

"அப்படிச் சொல்லாத கண்ணு."

"நெசந்தான். எனக்குச் சொன்னது நீ."

"நானா?" கோவர்த்தனன் கரண்டியோடு நின்றார். "எனக்கு இன்னா தெரியும் இதெல்லாம்?"

"அம்மா ஜெயில்ல இருக்கச்சே உனக்கு ஜடை பின்ன வராது. சிட்டிபாபு மாமா வூட்டுக்குத் தலை பின்ன இட்டுக்கினு போவ. வழியெல்லாம் அழுவேன், அம்மா எப்ப வருவாங்கன்னு. நீ இன்னா சொல்வ? 'அம்மா ஒரு ஊரைக் கேட்டுக்கினு உக்காந்துகீது. உக்காந்து கேக்கறவங்களுக்கு நின்னுக்கினு கீறவன் பதில் சொல்லித்தான் ஆவணும்'னு சொல்வ. தெனமும் சொல்வ. அதையே புடிச்சிக்கினேன்."

அவருக்கு அது ஞாபகம் வந்தது. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த வாய்க்கு வந்ததைச் சொன்னார். நிஜமா என்று அவருக்கே தெரியாது. மனசுக்குள் அந்த நாட்களில் தாட்சாயணி மேல் எத்தனையோ மனத்தாங்கல் இருந்தது. பிள்ளைக்கு அது தெரியக்கூடாது என்று, அவளைப் பெரியவளாக்கிச் சொன்னார். ஒரு கொடியும் பிடிக்காத மனுஷன், ஜடை பின்னப் போகிற வழியில் இதைச் செய்து வைத்திருக்கிறார்.

"சாதம் ஆறிடும்" என்றார்.

வெயில் சாய்ந்தபோது சப்-இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். திங்கட்கிழமை தாசில்தார் விசாரிப்பார், இரண்டு பக்கமும் வர வேண்டும், அதுவரை வாசலில் உட்காரக் கூடாது. எல்லாரும் போகலாம்.

வெளியே வந்ததும், ரயில்வே போர்ட்டர் வீராசாமி ஓட்டமும் நடையுமாக வந்தார். ரேணிகுண்டா வண்டியில் இப்போதுதான் வந்திறங்கியவர்.

"கோவர்த்தனண்ணே! உங்க வூட்டம்மா ரேணிகுண்டா பிளாட்பாரத்துல உக்காந்துக்கினு கீறாங்க. காலைலேர்ந்து அங்கியே. நான் கூப்டேன். பேசமாட்டேன்றாங்க. உடம்புக்கு முடியலியோ இன்னாவோ, போய்ப் பாருங்க."

செங்கம்மா வரலட்சுமியின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போ, போ. அக்காவ அங்க தனியா உடாத."

* * *

கடையிலிருந்து இரண்டு சைக்கிள் எடுத்தார்கள். வரலட்சுமி தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். அவ்வளவு வேகமாக அவள் மிதித்து கோவர்த்தனன் பார்த்ததில்லை. ரேணிகுண்டா ரோட்டில் புளிய மர நிழல் நீண்டு கிடந்தது. மூச்சு வாங்க அவள் பின்னாலேயே போனார்.

பிளாட்பாரத்தின் கோடியில், சிமெண்டு பெஞ்சில் தாட்சாயணி இருந்தாள். பை மடியில். கனகாம்பரம் வாடித் தொங்கியது. இவர்கள் வருவதைப் பார்த்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

வரலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் நேராகக் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எதனா துன்னியாம்மா?"

தாட்சாயணி இல்லை என்று தலையாட்டினாள். பிறகு தானாகவே பேசத் தொடங்கினாள்.

"பாலசுந்தரம் கூப்டுக்கினே இருந்தாரு. பெரிய வண்டி வந்து நின்னுச்சி. ஒரு கால் எடுத்து வெச்சேன். நீ வாசல்ல குந்திகினு கீற மாதிரியே இருந்துச்சி. இறங்கிட்டேன். அப்பால திருப்பதி வண்டி வந்துது. அதுல ஏறலாம்னு போனேன். அதுலயும் முடியல. ஏழு வருஷமாடி அந்த ஊரை நெனச்சிக்கினு கீறேன். ஒரு நாளு. இந்த ஒரு நாளு போய்ப் பாக்காம எப்படித் திரும்பறது? ஏறவும் முடியல, திரும்பவும் முடியல. உக்காந்துட்டேன்."

கோவர்த்தனன் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தார். குடித்தாள். மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடிச்சாங்களா?"

"இல்லம்மா."

"செங்கம்மா?"

"நல்லா கீறாங்க. சப்-இன்ஸ்பெக்டரையே மடக்கிட்டாங்க."

"நீ இன்னா பேசன?"

வரலட்சுமி தயங்கினாள். "தெலுங்குல பேசனேன்."

தாட்சாயணி தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"பரவால்ல. அதையே சொல்லு."

வரலட்சுமி சொன்னாள். முதலில் மெதுவாக, பிறகு வாசலில் நின்ற மாதிரியே. தாட்சாயணிக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தி அர்த்தம் கேட்கவில்லை. முடிந்ததும் மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். கோவர்த்தனன் சற்றுத் தள்ளிப் போய், சைக்கிள் செயினில் இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் மணி அடித்தது. தெற்கே போகிற வண்டி வருகிறது.

வரலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, இது திருத்தணிக்குப் போற வண்டிதான். இன்னைய நாளு இன்னும் முடியல. வா, போலாம். நானும் வரேன்."

தாட்சாயணி நம்பாமல் பார்த்தாள். "நீயா? எங்கியும் வரமாட்டேன்னியே?"

"குடிபோவ வரமாட்டேன். உன்கூட அந்த ஊரைப் பாக்க வரமாட்டேன்னு சொன்னனா? திங்கக்கிழமை விசாரணை கீது. செங்கம்மாவுக்கு நீ பக்கத்துல இருந்தா நல்லாருக்கும். அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

"வீடு பாக்கணும்னு சொல்லி வெச்சிருக்கேனே."

"பாரு. நானும் பாக்கறேன்."

தாட்சாயணி பையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கனகாம்பரத்தை உதறிவிட்டு, கலைந்த கூந்தலை அள்ளி முடிந்தாள். தூரத்தில் எஞ்சின் விளக்கு தெரிந்தது.

கோவர்த்தனன் சைக்கிள்களைச் சுவரோரம் பூட்டிவிட்டு டிக்கெட் ஜன்னலுக்கு ஓடினார்.

"திருத்தணி. மூணு டிக்கெட்."

உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டார். "போறதுக்கு மட்டுமா, திரும்பி வரதுக்கும் சேத்தா?"

கோவர்த்தனன் திரும்பிப் பார்த்தார். பிளாட்பாரத்து ஓரத்தில் தாயும் மகளும் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். வண்டி வந்துகொண்டிருந்தது.

"சீக்கிரம் சொல்லுங்க" என்றார் டிக்கெட் கொடுப்பவர்.